ஆளுக்கொரு குறை

போன கிழமை நம் வகுப்புக் கைபேசிக் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். வீடு ஒன்று பார்த்திருக்கிறாளாம், பிடித்திருக்கிறதாம், விலையை எப்படி இறக்குவது என்று. உடனே ஆளாளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினீர்கள். ஆசையைக் காட்டாதே என்றார் ஒருவர். சுவரைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளி என்றார் இன்னொருவர். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாதே, தானாக இறங்கி வருவார்கள் என்று எழுதியவருக்கு எல்லோரும் கைதட்டினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த வித்தை எனக்குத் தெரியாமலில்லை. பதின்மூன்று வயதிலேயே நான் அதில் கைதேர்ந்தவள்.

நாமெல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டோம். எனக்கு வயது போய்விட்டது என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தச் சுனாமி அலையையும் அதற்குப் பிறகு வந்த சண்டையையும் பார்த்தவர்களுக்கு வயது இரட்டிப்பாகத்தான் ஏறியிருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு வீடு வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். கேட்டவள் இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீடு ஆரையம்பதியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு, அம்மாவுக்குப் பிறகு அக்காவுக்குப் போகவேண்டிய வீடு. அலை வந்த காலையில் அப்பா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் மாடு பார்க்கப் போயிருந்தார். நானும் அக்காவும் வாவியோரக் கோயிலில் பூரணைப் பூசைக்குப் போயிருந்தோம். அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். பூசைக்குப் பிறகு வந்து சாப்பிடப் பிட்டு அவித்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியவள். நாங்கள் திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வீடு இருந்த இடத்தைக் காட்ட ஒரு தென்னையும் இல்லை. அம்மா சமைத்த குசினியின் படிக்கல் ஒன்று மட்டும் மணலில் கிடந்தது. அம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் வளர்கிற உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். இங்கே கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரில் ஒரு வீடு வேண்டும். பெற்றவர்கள் வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, அதே வளவில் பின்பக்கம் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. இதில் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. வருகிற மனிதன் படுக்க ஓரிடம் வேண்டாமா?

அக்காவுக்கு மாப்பிள்ளை சிறு வயதிலேயே பேசியாகிவிட்டது. அப்பாவின் தங்கை மகன், எங்களுக்கு மச்சான். பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தார். அக்காவுக்கு அவர்மேல் எவ்வளவு ஆசை என்பது அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அவள் கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிகிற வேகத்தில் தெரியும். முடி என்றால் அப்படியொரு முடி. கதிரையில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டால் நிலத்தில் தொடும்.

அலை அடித்து ஒரு வருஷம் தாண்டியும் நாங்கள் தகரக் கொட்டகையில்தான் இருந்தோம். கடலுக்குக் கிட்டே இனிக் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேறிடத்தில் வீடு தருவோம் என்றவர்கள் படிவங்களை மட்டும் தந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் மச்சானின் தாய், எங்கள் மாமி, வந்து தகரக் கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

“அண்ணன், நான் என்ன செய்யிற? இந்தத் தகரத்துக்குள்ளயா என்ட பொடியனக் கொண்டு வந்து விடுற? ஆவணிக்குள்ள ஒரு வீட்டப் பாருங்க. அதுக்கு மேல என்னால அவனப் பிடிச்சு வைக்க ஏலாது.”

“பாப்பம் தங்கச்சி. வீட்டுக்கா பஞ்சம்?” என்றார் அப்பா.

உண்மையிலேயே வீட்டுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு நாலு வேலியில் ‘காணி வீடு விற்பனைக்கு’ என்று பலகை தொங்கியது. கடலுக்குப் பயந்தவர்கள் ஒரு பக்கம், சண்டை திரும்ப வரப்போகிறது என்று கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள் ஒரு பக்கம். விற்க எல்லோரும் இருந்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. மழையில் எழுத்துக் கரைந்து வெறும் பலகையாகத் தொங்கியவைகூட இருந்தன. அப்பாவுக்கு அது பெருநாள் மாதிரி.

ஏனென்றால் அப்பா மாட்டு வியாபாரி. பட்டியில் நிற்கும் மாட்டைப் பார்த்தவுடன் அவர் செய்கிற முதல் வேலை தலையை ஆட்டுவது. பல் தேய்ந்துவிட்டது என்பார். பின்னங்கால் இழுக்கிறது என்பார். எல்லாம் சரியாக இருந்தால் நெற்றிச் சுழி சரியில்லை, வீட்டுக்கு ஆகாது என்பார். மாட்டுக்காரர் முகம் வாடும்வரை குறை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மூன்றாம் தடவை போகும்போது பாதி விலைக்கு மாடு எங்கள் வளவில் நிற்கும். அந்த மாட்டைத் தடவிக்கொடுத்து, “ராசா மாதிரி மாடு” என்பார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவர் அறிந்த தொழில்.

“வீடும் மாடும் ஒண்டுதான் புள்ள” என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார். “வாங்கப் போற இடத்தில நல்லம் எண்ட சொல்லு வாயில வரப்படாது. ஆளுக்கொரு குறை சொல்லணும். நல்ல குறை சொல்றவளுக்கு ஐஸ்பழம்.”

இப்படித்தான் நாங்கள் வீடு பார்க்கப் போகத் தொடங்கினோம். அப்பா சைக்கிளை மிதிப்பார், அக்கா பின்னால், நான் முன்பாரில். நாலைந்து வீடு பார்த்தோம். சிலது காணி உறுதிப் பத்திரத்தில் சிக்கல், சிலது கடலுக்குக் கிட்டே. குறை சொல்வதில் அக்கா மந்தம். “யன்னல் கொஞ்சம் சின்னம்” என்று யாருக்கும் நோகாமல் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பாள். நான் அப்படியில்லை. கூரையில் வெளிச்சம் தெரியும் ஓட்டையைக் கண்டுபிடிப்பேன். கிணற்று நீரை வாயில் விட்டுத் துப்பிக் காட்டுவேன். அம்மா போன பிறகு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த வேளைகளில்தான். ஐஸ்பழத்தைவிட அதற்குத்தான் நான் அலைந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஐந்தாவதோ ஆறாவதோ வீடுதான் அது. வாவிப் பக்கம், கண்டல் மரங்களுக்குச் சற்று மேலே. புத்தம் புது வீடு. இரண்டு அறை, விறாந்தை, குசினி. சிவப்புச் சீமெந்துத் தரை முகம் பார்க்கலாம் போலிருந்தது. சுவரில் இன்னும் சுண்ணாம்பு மணம். அறைக்குள் ஒரு அலுமாரி, கடையில் வாங்கி வந்த பொலித்தீன் உறை கழற்றாமல் நின்றது. நிலைக்கு மேல் மாவிலை கட்ட அடித்த ஆணி இருந்தது, மாவிலை இல்லை.

அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. வீட்டுக்காரம்மா வளவின் பின்னால் ஒரு கிடுகுக் கொட்டிலில் தனியாக இருந்தார். அம்மாவின் வயதுதான். புருஷன் எப்போதோ இறந்துவிட்டாராம். நெல் குற்றியும் பாய் விற்றும் ஒரே மகளுக்காக அந்த வீட்டைக் கட்டினாராம். தையில் கலியாணம். மார்கழியில் மகள் கலியாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்த இடத்தில் எடுத்து வருகிறேன் என்று கடற்கரைப் பக்கம் போயிருக்கிறாள். அன்றுதான் அலை வந்தது.

“ஏன் நீங்க முன்னால வந்து இருக்கல்ல?” என்று அக்கா கேட்டாள்.

“அது புள்ளட வீடு மனே. நான் எப்பிடி அதில படுக்கிற?” என்றார் வீட்டுக்காரம்மா.

திரும்பி வரும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். “கட்டினவவே படுக்காத வீடு. இங்க வீடு வாங்கிறவன் எல்லாம் பொம்பிளப் புள்ளைக்குத்தான் வாங்கிற. செத்த பொம்பிளட வீட்ட எவன் தன்ட மகளுக்கு வாங்குவான்? ஒருத்தனும் வரமாட்டான். நமக்கு அவசரமில்ல.”

“உங்களுக்குப் பயமில்லையாப்பா?” என்று நான் கேட்டேன்.

“செத்தவங்க இல்லாத வீடு இனி எங்க புள்ள இரிக்கு?” என்றார். அந்த ஒரு சொல்லை அவர் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் போதும். எங்களிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

சித்திரையில் இருந்து மாதத்துக்கு ஒரு தடவை, சில வேளை இரு தடவை அங்கே போனோம். அப்பாவும் வீட்டுக்காரம்மாவும் விறாந்தையில் இருந்து பேசுவார்கள். அப்பா குறை சொல்வார். குசினிப் புகைக்கூடு சிறிது. வாவி பெருகினால் வளவுக்குள் தண்ணீர் வரும். வீட்டுக்காரம்மா மறுத்துப் பேசமாட்டார். “ஓம் அண்ணன்” என்பார், “இரிங்க, தேத்தண்ணி கொண்டு வாறன்” என்பார். எதிர்த்துப் பேசாத ஆளோடு பேரம் பேசுவது அப்பாவுக்குப் புரியவில்லை. பெரிய கள்ளி என்று நினைத்தார்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ அவர் அக்காவின் தலையைப் பார்த்துவிட்டார். தகரக் கொட்டகையில் தண்ணீருக்கு வரிசை. அந்தக் கூந்தலை அலச அக்காவால் முடிவதில்லை. சிக்கும் சடையுமாக ஒரு துணியால் கட்டியிருப்பாள்.

“இதென்னகா இப்பிடி விட்டு வச்சிரிக்காய்? வா, இஞ்ச இரி.”

கதவுப் பக்கத்து உறையை விலக்கி, அலுமாரிக்குள் இருந்த மகளின் சீப்பை எடுத்து வந்தார். எருமைக் கொம்பில் செய்த கறுப்புச் சீப்பு. ஒரு பல் உடைந்திருந்தது. குசினிப் படியில் அக்காவை இருத்தி, எண்ணெய் வைத்து, நுனியில் இருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் அழவில்லை. அன்றிலிருந்து போகிற ஒவ்வொரு தடவையும் இது நடந்தது. அக்கா அவரைப் பெரியம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

நான் கிணற்றடியில் நின்று பார்ப்பேன். என் தலை குட்டை வெட்டு. அலைக்குப் பிறகு பேன் பிடித்ததென்று அப்பா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டிருந்தார். என் தலையில் சீவ ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மா என்னையும் கூப்பிட்டு மாங்காய் வெட்டித் தந்தார், உப்பும் தூளும் வைத்து. நான் வாங்கித் தின்றேன், ஆனால் மனது ஆறவில்லை. எங்களுக்கு ஒரு அம்மாதான், அவளும் போய்விட்டாள், இவள் எப்படி வேறொருத்தியின் மடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாள் என்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மடியில் என் தலையும் இருக்கவேண்டும் என்றும் எரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் எரிந்தன.

ஆனியில் அந்த அம்மா அப்பாவிடம் வெளிப்படையாகவே சொன்னார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

“அண்ணன், இந்தப் புள்ள இதில வந்து இருந்தா எனக்கு விலை பெரிசில்ல. உங்களால ஏலுமானதத் தாங்க. ஆனா ஒண்டு. நான் பின்னால கொட்டில்லயே இருந்திர்றன். எனக்கும் போக இடமில்ல. ஒரு கரைச்சலும் தரமாட்டன்.”

நினைத்துப் பாருங்கள். அம்மா இல்லாத பெண்ணுக்கு வீடும் கிடைத்து, வழக்கப்படி வளவின் பின்னால் இருக்க ஒரு தாயும் கிடைக்கிறாள். எந்தச் சாத்திரி பார்த்தாலும் இதைவிடப் பொருத்தம் சொல்லமாட்டார். அக்காவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. அப்பா தலையை ஆட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வழியில் அக்கா, அவளுக்கு வழக்கமில்லாத துணிச்சலோடு, “ஓம் எண்டு சொல்லியிருக்கலாமேப்பா” என்றாள்.

“வித்த வீட்டு வளவுக்குள்ள வித்தவ இருந்தா நாளைக்கு உறுதியில பிரச்சினை வரும். உனக்கு வியாபாரம் விளங்காது. விலை பெரிசில்ல எண்டு சொல்றவங்களத்தான் பயப்படணும்.” கொஞ்ச தூரம் போய், “இன்னும் ரெண்டு மாசம் பாப்பம். களைச்சுப்போய்க் கொட்டிலையும் விட்டிற்றுப் போவா. மாடும் அப்பிடித்தான், நிண்டு நிண்டு களைச்சாத்தான் கயிறு பிடிக்க விடும்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? விலைகள் உண்மையாகவே விழுந்துகொண்டிருந்தன. வடக்கே வாகரைப் பக்கம் சண்டை மூண்டுவிட்டது என்று பேச்சு. வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து செல் குண்டுச் சத்தம் கேட்கும், வீடுகளின் யன்னல் கண்ணாடி நடுங்கும், மறுநாள் வேலிகளில் இன்னும் இரண்டு பலகை தொங்கும். அப்பா தன் கணக்குச் சரியென்று தலையை ஆட்டுவார். அவருடைய கைமுதலில் பாதி மாடாகப் படுவான்கரையில் ஒருவர் பட்டியில் நின்றது. வீடு முடிந்ததும் அவற்றை விற்கலாம் என்றிருந்தார்.

ஆவணி பிறந்ததும் மாமி ஆளனுப்பினாள். அப்பாவும் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டார். அட்வான்ஸ் காசைத் துவாயில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, “கொட்டில்ல இருந்தா இருந்திற்றுப் போகட்டும். இண்டைக்கு முடிச்சிருவம்” என்றார். அக்கா அன்று அம்மாவின் மிஞ்சிய ஒரேயொரு சேலையை உடுத்தினாள். அலை வந்த அன்று அவள் பூசைக்குக் கட்டிக்கொண்டு போனதால் தப்பிய சேலை.

புறப்படும்போது அப்பா என் தலையில் தட்டிச் சொன்னார். “கடைசியா ஆளுக்கொரு குறை. ஒரு ரெண்டாயிரமாவது இறங்கட்டும்.”

நாங்கள் போனபோது வீட்டுக்காரம்மா அலுமாரியின் பொலித்தீன் உறையைக் கழற்றியிருந்தார். உள்ளே ஒரு தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தார். “இது உன்ட தட்டு மனே” என்று அக்காவிடம் காட்டினார். பிறகு வழக்கம்போலக் குசினிப் படியில் இருத்திச் சீவத் தொடங்கினார். அப்பா விறாந்தைக் கதிரையைக் குசினி வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சுவர் வெடிப்பைப் பற்றி ஏதோ சொன்னார். அக்கா, தன் முறை வந்தபோது, “குறை ஒண்டும் இல்லப்பா” என்றாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. என் பக்கம் திரும்பி, “நீ சொல்லு” என்றார்.

அந்த வீட்டைப் பற்றி எல்லாக் குறையும் நான் முன்பே சொல்லி முடித்திருந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. அக்காவின் கூந்தல் மூன்று பிரிவாக அந்தக் கைகளில் இருந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது செத்த அக்காட வீடு” என்றேன். “அவங்கட சீப்பாலதான் அக்காவுக்குச் சீவுறாங்க. இதில கலியாணம் கட்டினா நம்மட அக்காவும் செத்துப்போவா.”

விலையை இறக்க நான் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக, சின்னப் பிள்ளை, அப்பா சொன்னதைச் செய்தாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன்.

வீட்டுக்காரம்மாவின் கை நின்றது. பிறகு மெதுவாகப் பின்னி முடித்தார். நுனியில் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுக்கு நெடுநேரம் எடுத்தது. சீப்பில் ஒட்டியிருந்த அக்காவின் முடியை எடுத்துச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தார்.

“வீடு விக்கிறல்ல அண்ணன்” என்றார். “புள்ளயளக் கூட்டிக்கொண்டு போயிற்று வாங்க.”

“சின்னப் புள்ள தங்கச்சி, அது சொன்னத...”

“கோவமில்ல அண்ணன். போயிற்று வாங்க.”

பின்னால் போய்க் கொட்டில் படலையைச் சாத்திக்கொண்டார்.

அப்பா அதையும் பேரம் என்றுதான் எடுத்துக்கொண்டார். சந்தியில் சைக்கிளை நிறுத்தி எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தார். “ஒரே போடா போட்டாய். நாளைக்கு அவவே ஆள் அனுப்புவா பார்” என்று சிரித்தார். சிவப்பு நிற ஐஸ்பழம். நான் அதைக் கடைசிவரை தின்றேன். அக்காவுக்கு வாங்கியது அவள் கையிலேயே உருகி அம்மாவின் சேலையில் சொட்டியது.

ஆள் வரவில்லை. ஒரு கிழமை கழித்து அப்பா தரகரை அனுப்பினார். பிறகு தானே போனார், கேட்ட விலைக்கு மேலே தருகிறேன் என்றார். அப்பா ஒரு பொருளுக்கு விலையை ஏற்றிக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வீட்டுக்காரம்மா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வேறு வீடு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அப்பா பார்த்தார். உறுதி சரியாக இருந்தால் ஆள் ஊரில் இல்லை, ஆள் இருந்தால் உறுதி சரியில்லை. அதற்குள் சண்டை படுவான்கரைக்கு வந்துவிட்டது. சனம் சட்டி பானையோடு வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. பட்டிக்காரரும் வந்தார், மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். அப்பா துறையில் நாலு நாள் நின்று அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மாடுகள் எந்தக் காட்டில் நின்றனவோ தெரியாது. வீட்டுக்காக வைத்திருந்த மிச்சக் காசு சோற்றுக்குப் போனது.

மாமியையும் குற்றம் சொல்ல முடியாது. ஆவணி என்றவள் தைவரை பொறுத்தாள். மச்சானுக்குக் களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு பெண் அமைந்தது. கலியாணத்துக்கு அக்காவும் போனாள். பந்தியில் பாயாசம் பரிமாறினாள். மச்சான் இலையைப் பார்த்தபடியே, “போதும்” என்றார். அடுத்த மாதமே அக்கா வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டுக் கேட்டு எழுதிப் போட்டாள்.

“எனக்கொரு வீட்ட நானே கட்டிறன்” என்றாள். “ரெண்டு வருஷம்தான்.”

சண்டை முடிந்தது. வீதிகள் திறந்தன, வங்கிகள் வந்தன, வெளியூர்க்காரர் காரில் வந்து வாவியோரக் காணிகளை அளந்தார்கள். வேலிகளில் இருந்த பலகைகள் ஒரே வருஷத்தில் காணாமல் போயின. அப்பா இறங்கும் இறங்கும் என்று காத்திருந்த விலை எங்களால் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்போது நான் உங்களோடு உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பள்ளி விட்டதும் உங்களில் யாருக்கும் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரம்மா மெலிந்திருந்தார். கொட்டிலில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வளவை விற்றுவிட்டாராம், கிரானில் தங்கை மகனோடு இருக்கப் போகிறாராம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். குறை சொல்லப் பழகிய வாய், மன்னிப்புக் கேட்கப் பழகவில்லை.

“அக்கா எங்க மனே?”

“வெளிநாட்டில.”

“கலியாணம்?”

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கினார்.

“நீ அண்டைக்குச் சொன்னது பொய்யில்ல மனே. செத்த புள்ளட வீடுதானே. அதில உன்ட அக்காவுக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிற எண்டு பயந்திற்றன். அதான் தரல்ல. நம்மட வீட்டால அவளுக்கு ஒண்டும் வரப்படாது.”

பிறகு அந்தக் கொம்புச் சீப்பைப் பத்திரிகைத்தாளில் சுற்றித் தந்தார். “வந்தா குடு. நல்ல முடி அவளுக்கு.”

அதுதான் அவரைக் கடைசியாகக் கண்டது. அந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வந்தால் அங்கேதான் அறை எடுக்கிறீர்கள்.

அக்காவின் இரண்டு வருஷம் ஒன்பது வருஷமாக நீண்டது. அவள் அனுப்பிய காசில், வாவிக்குத் தள்ளி, அப்பா ஒரு காணி வாங்கி வீடு எழுப்பினார். அந்தக் காணியை வாங்கும்போது அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தார். தொலைபேசியில் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்பாள். விறாந்தை எவ்வளவு அகலம், குசினிக்குப் படி வைத்தாயிற்றா என்று. தரைக்குச் சிவப்புச் சீமெந்துதான் வேண்டும் என்றாள்.

அவள் வந்த நாளில் தலையில் துணி கட்டியிருந்தாள். விமானத்தில் குளிர் என்று நினைத்தேன். வீட்டைச் சுற்றி நடந்தாள், ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்தாள். குசினிப் படியில் வந்து இருந்தாள். அப்பாவுக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. பழைய விளையாட்டை நினைத்தோ என்னவோ, “ஒரு குறை சொல்லு புள்ள” என்றார்.

அக்கா துணியை அவிழ்த்தாள். முடி காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. அக்கா வேலைக்குப் போன முதல் மாதமே அந்த வீட்டு எசமானி வெட்டிவிட்டாளாம். வளர வளர வெட்டினாளாம். சோற்றில் முடி விழும் என்று.

“ஒரு குறையும் இல்லப்பா” என்றாள்.

சீப்பு என் பெட்டியிலேயே இருந்துவிட்டது. அந்தத் தலைக்கு முன்னால் அதை எப்படி நீட்டுவேன்?

அடுத்த வருஷம் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். வீடு இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. அக்கா என்னை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போய் வீட்டை என் பெயரில் எழுதினாள். நான் வேண்டாம் என்றேன். எனக்கு வயது போயிற்று என்றாள், முப்பத்துமூன்று வயதில். என் கலியாணத்துக்கு முதல் நாள், வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்த பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வளவின் பின்பக்கத்து அறைக்குப் போனாள். அம்மாமார் இருக்கும் இடம் அது. அன்றிலிருந்து இன்றுவரை முன்வீட்டில் ஒரு இரவு படுத்ததில்லை. மழைக்கு நான் கூப்பிட்டால், “அது உன்ட வீடுகா” என்பாள். அப்பா போன பிறகு அவள் இன்னும் பேச்சுக் குறைந்துவிட்டாள்.

அன்று நான் சொன்னதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

போன கிழமை உங்கள் குழுவில் எல்லோரும் கைதட்டிய அந்த வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். பத்திரிகைத்தாள் மஞ்சளாகிப் பொடிந்தது. சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அக்கா குசினிப் படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முடி இப்போது தோளைத் தொடுகிறது, பாதி நரை. சீப்பைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டாள். யார் தந்தது, எப்போது தந்தது, ஏன் இத்தனை வருஷம் ஒளித்து வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று விலைக்காக அல்ல, பொறாமையில் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “நீ கிணத்தடியில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறத ஒவ்வொரு நாளும் பாத்தனான். பெரியம்மாட்ட சொல்லி உனக்கும் சீவச் சொல்லணும் எண்டு நினைப்பன். சொல்லாமயே விட்டிற்றன்.”

உடைந்த பல்லைப் பெருவிரலால் தடவினாள். தன் தலைக்கு அதைக் கொண்டுபோவாள் என்று பார்த்தேன். அவள் காலை அகற்றி, கீழ்ப்படியைக் காட்டினாள்.

“இரி. தலையக் காட்டு.”

இருந்தேன். நுனியில் இருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த அம்மா செய்தது போலவே சிக்கெடுத்தாள். நான் அவள் முழங்காலில் தலையை வைத்து, என் மகள் பள்ளியால் வரும் நேரம் என்பதையும் மறந்து, சத்தமாக அழுதேன். அக்கா அழவில்லை. சீப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“முடி இப்பிடிக் கொட்டுது. எண்ணெயே வைக்கிறல்லயாகா நீ?” என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு அக்கா சொன்ன முதல் குறை அதுதான்.